மூக்கனைத் தேடிய நாள்

என் வீட்டுக்காரர் ஒரு மலைக்கு நேர்த்தி வைத்திருந்தார். அம்மனுக்கு நேர்த்தி வைப்பார்கள், முன்னேஸ்வரத்துக்கு வைப்பார்கள், தலவில் மாதா கோயிலில் அன்னம்மாளுக்குக்கூட எங்கள் ஆட்கள் வைப்பார்கள். இந்த மனுசன் மலைக்கு வைத்தார். சரி, வைத்ததுதான் வைத்தார், எந்த மலை என்றாவது தெரிய வேண்டாமா? தெரியாதாம். கடலில் இருந்து பார்த்தால் தெரியுமாம், தரையில் எங்கே இருக்கிறது என்று தெரியாதாம். அந்தச் சோளகக் காலம் முழுக்க எனக்கு வந்த கோபத்தை அடுப்பில் வைத்திருந்தால் ஊருக்கே சோறாக்கியிருக்கலாம்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் உடப்பு, புத்தளம் பக்கத்துக் கடற்கரை ஊர். அவருக்குக் கடல் தொழில், எனக்குக் கருவாடு. கல்யாணத்துக்கு முந்தியே அவர் தன் அண்ணனின் ஃபைபர் வள்ளத்தில்தான் போய் வந்தார். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்குகிற நேரம், அது ஏறுவதற்குள் இன்னும் ஒரு தரம் போய்ப் பார்ப்போம் என்று அவரும் அவருடைய கூட்டாளியும் போனார்கள். வள்ளம் கவிழ்ந்தது. கவிழ்ந்த வள்ளத்தின் முதுகில் இரண்டு பேரும் இரவு முழுக்கத் தொங்கிக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். ஜிபிஎஸ் பெட்டி, ஃபோன், டோர்ச் எல்லாம் கடலுக்குள். கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லையாம். விடியும்போது கிழக்கே வெளிச்சம் வர, அந்த வெளிச்சத்தில் மூக்கன் தெரிந்தான். அந்தத் திசை பார்த்துக் காலை அடித்து அடித்து வந்தவர்களை வேறொரு வள்ளம் கண்டு ஏற்றி, கவிழ்ந்ததையும் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது.

மூக்கன் என்பது ஒரு மலை. கடலில் நின்று பார்த்தால், தூரத்தில், தென்னைகளுக்கெல்லாம் பின்னால், ஒருவன் மல்லாந்து படுத்திருக்கிற முகம் மாதிரித் தெரியுமாம், மூக்கு மட்டும் தூக்கலாக. எங்கள் ஊர் ஆம்பிளைகளின் கதையில் மூக்கன் இல்லாத நாள் இல்லை. "மூக்கன் மூக்கை உள்ளே இழுத்தா அங்க வலையைப் போடு, வெளிய நீட்டினா இன்னும் கொஞ்சம் போ" என்பார்கள். என் அப்பா சொல்வார், என் மாமா சொல்வார், சோறு தின்னும்போதும் இந்தக் கதைதான். நான் மூக்கனைக் கண்டதில்லை. எங்கள் ஊரில் பெண்கள் கடலுக்குப் போவதில்லை. கரையில் நின்று திரும்பிப் பார்த்தால் தென்னந்தோப்புதான் தெரியும், மலையும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை.

கரைக்கு வந்து மூன்றாம் நாள் அவர் நேர்த்திக் கதையைச் சொன்னார். "மூக்கா, உயிரோட கரை ஏறினா உன்ர தலையில வந்து நிண்டு கற்பூரம் ஏத்திறன், அதுக்குப் பிறகுதான் கடல்ல கால் வைப்பன் எண்டு சொல்லிப்போட்டன்." நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி, நல்லதுதானே, செய்வோம் என்றேன். கூட்டாளியிடம் கேட்டபோது, "எனக்கு ஒண்டும் கேக்கல அக்கா, அலைச் சத்தம்" என்றான். அந்தக் கூட்டாளி அடுத்த வாரமே கடலுக்குப் போய்விட்டான்.

இவர் போகவில்லை. சோளகத்தில் எங்கள் ஆட்கள் வள்ளத்தை ஏற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போய் வாடி என்று குடிசை போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். அண்ணனும் கூட்டாளியும் போனார்கள். இவர் "நேர்த்தி இருக்கு" என்று வீட்டில் குந்திக்கொண்டார். அப்ப போய் மலையைத் தேடுங்களேன் என்றால், இன்றைக்கு மழை, நாளைக்குக் கரிநாள், மோட்டார்சைக்கிள் இல்லை, வயிற்றுவலி. ஊரில் கரைவலை இழுக்கப் போவார். அங்கேயும் மணல் பக்கத்துக் கயிற்று நுனியில்தான் நிற்பார். ஆடியில் அம்மன் கோயிலில் தீ மிதித்தார், ஒரு தயக்கமும் இல்லாமல் நெருப்புக்குள் இறங்கி நடந்து போனார். அதைப் பார்த்த எனக்கு இன்னும் எரிந்தது. நெருப்பில் நடக்கிற மனுசனுக்கு ஒரு மலை ஏறக் காலில்லையா? இது நேர்த்தி இல்லை, சோம்பல் என்று முடிவு கட்டினேன். முகத்துக்கு நேரேயும் சொன்னேன். சும்மா சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். அவர் வாயே திறக்கவில்லை. வாய் திறக்காத ஆம்பிளையோடு சண்டை பிடிக்கிற கஷ்டம், பிடித்தவர்களுக்குத்தான் தெரியும்.

காற்று மாறி கடல் இறங்கியதும் அண்ணன் கிழக்கில் இருந்து திரும்பி வந்தார். ஒரு நாள் பின்னேரம் நான் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கும்போது வந்து நின்றார்.

"தங்கச்சி, திங்கக்கிழமை வள்ளம் இறக்கிறன். அவன் வாறானா எண்டு பாத்துச் சொல்லு. வராட்டி நான் வேற ஆள் போடத்தான் வேணும். அவன்ர கூட்டாளியும் வேற வள்ளத்துக்குப் போயிட்டான். ரெண்டு பேர் இல்லாம வள்ளம் போகாது."

தன் தம்பியிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார். அதை அப்போது நான் யோசிக்கவில்லை. என் தலைக்குள் ஓடியது ஒன்றுதான்: அந்த வள்ளத்தில் இவர் இடம் போனால் போனதுதான். இன்னொருவன் ஏறி உட்கார்ந்தபின் அவனை இறக்கிவிட முடியாது. வேறு வள்ளக்காரன் எவன் இவரை எடுப்பான், ஒரு சோளகம் முழுக்க வீட்டில் இருந்த ஆளை?

"வருவார் அத்தான்" என்றேன். "ஞாயிற்றுக்கிழமை மூக்கனை முடிச்சுப்போட்டு வருவார். அதுக்கு நான் பொறுப்பு."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

ஒரே நாளில் எல்லாப் பாறையையும் ஏறுவது என்பது என்னுடைய திட்டம். ஆனமடுவப் பக்கம் காட்டுக்குள்ளும் வயலுக்குள்ளும் பாறைகள் கிடக்கின்றன, பஸ்ஸில் போகும்போது கண்டிருக்கிறேன். பெரிதாகத் தெரிகிற ஒவ்வொன்றிலும் ஏறுவது, உச்சியில் நின்று இவர் பார்ப்பது, எது மூக்கன் என்று சொன்னதும் கற்பூரத்தைக் கொளுத்தித் தேங்காயை உடைத்துவிட்டு வீட்டுக்கு வருவது. ஏதோ ஒன்று மூக்கனாகத்தானே இருக்க வேண்டும்? என் தம்பியின் மோட்டார்சைக்கிளைக் கேட்டு வாங்கினேன். பாணும் சம்பலும் கட்டினேன், இரண்டு போத்தல் தண்ணீர், கற்பூரப் பெட்டி, ஒரு தேங்காய். ஞாயிற்றுக்கிழமை விடியமுன் எழுப்பிவிட்டேன். அவர் மறுக்கவில்லை. பின்கட்டுக்குப் போய் வள்ளத்து நங்கூரக் கயிற்றில் ஒரு துண்டை வெட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"இது என்னத்துக்கு?"

"உனக்கு."

எனக்கு உயரம் என்றால் பயம். கிணற்றுக் கட்டில்கூட ஏறி நிற்க மாட்டேன். கோபத்தில் திட்டம் போட்டபோது அது என் ஞாபகத்துக்கு வரவில்லை.

முதலாவது பாறை ஒரு பன்சலைக்கு, புத்த கோயிலுக்கு, பின்னால் இருந்தது. சின்னதுதான், ஆனால் செங்குத்து, கூராக நிமிர்ந்து நின்றது. அடிவாரத்தில் வயதான ஒரு பிக்கு, ஹாமுதுருவோ, விளக்குமாற்றோடு நின்றார். எங்கள் கையில் தேங்காயையும் கற்பூரத்தையும் கண்டுவிட்டு எந்தச் சாமி கோயிலுக்கு என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், மூக்கு மாதிரி ஒரு மலை தேடுகிறோம் என்றேன். அவர் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்து, ஏறுங்கள், செருப்பை மட்டும் கழற்றிவிட்டுப் போங்கள் என்றார். இவர் கயிற்றை என் இடுப்பில் கட்டி, மறுநுனியைத் தன் இடுப்பில் கட்டினார். பிறகு உடும்பு மாதிரி ஏறினார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனுசன் பாறையில் பிறந்தவர் போல ஏறினார். மேலே போய்ச் சப்பாணி கட்டிக் குந்தி, கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுக்க, நான் நாலு காலில், "பயமா இருக்கு, ஐயோ பயமா இருக்கு, விட்டுராதீங்க" என்று கத்திக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். கீழே ஹாமுதுருவோ விளக்குமாற்றைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுவா?" என்றேன் மூச்சு வந்ததும்.

சுற்றிப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார்.

"இது இல்ல."

இரண்டாவதில் ஃபோன் டவர் கட்டியிருந்தார்கள், பாதிவரை படி இருந்தது, அதில் எனக்குக் கயிறு தேவைப்படவில்லை. இது இல்லை. மூன்றாவதின் ஒரு பக்கத்தைக் கல் உடைக்கிறவர்கள் தின்றுவிட்டிருந்தார்கள். பாதி மலைதான் மிச்சம். இதுதான் மூக்கனாக இருந்து, மூக்கை உடைத்துக் கொண்டுபோய் ரோட்டுக்குப் போட்டிருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் சிரித்தார். சிரித்தாரே! இத்தனை மாதத்தில் நான் கேட்காத சிரிப்பு. எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. நான் இங்கே முழங்கால் சிராய்த்து, வெயிலில் வெந்து, நாளைக்கு வள்ளத்தில் இடம் இருக்குமா என்று தவித்துக்கொண்டிருக்கிறேன், இவருக்குச் சிரிப்பு வருகிறது.

"இதுவும் இல்லையா?"

"இல்ல."

இறங்கிவரும்போது காடு வெட்டிப் பயிர் போட்ட சேனைப் பக்கத்தில் ஒரு சிங்களப் பெண் அவித்த சோளம் விற்றுக்கொண்டிருந்தாள். வாங்கித் தின்றுகொண்டே அவளிடமும் மூக்கைக் கேட்டேன். அவள் ஒவ்வொரு பாறைக்கும் ஒரு பெயர் சொன்னாள், யானை, பானை, பாம்பு என்று என்னென்னவோ. மூக்கு இல்லை. பிறந்ததில் இருந்து இங்கேதான் இருக்கிறாளாம், மூக்கு என்று ஒன்று கேள்விப்பட்டதே இல்லையாம்.

நாலாவது பாறை பெரியது, நீண்டு கிடந்தது. அதில்தான் நான் விழப் பார்த்தேன். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, காய்ந்த பாசியில் கால் வைத்துவிட்டேன். கால் போனது. கை போனது. வயிற்றால் சறுக்கிக்கொண்டு போகிறேன், கீழே ஒரு பாலை மரத்தின் உச்சி தெரிகிறது. இடுப்பில் கயிறு இறுக்கிப் பிடித்து நிறுத்தியது. மேலே இருந்து அவர் குரல் வந்தது, அவசரமே இல்லாத குரல்.

"பயப்பிடாத. நான் பிடிச்சிருக்கன். கீழ பாக்காத. என்னைப் பார்."

பார்த்தேன். கயிற்றைத் தோளில் சுற்றி, காலைப் பாறை வெடிப்பில் ஊன்றி, சாய்ந்து நின்றார். முகத்தில் ஒரு நடுக்கமும் இல்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் நான் அழுதேன், அழுதுகொண்டே திட்டினேன். உங்கட மலையும் உங்கட மூக்கனும், நான் செத்தால் அந்தக் கற்பூரத்தை எனக்குக் கொளுத்துங்க என்றேன். அவர் போத்தலைத் திறந்து தந்து, என் முழங்காலில் ஊதினார்.

அங்கே உச்சியில் ஒரு சுனை இருந்தது. மழைத் தண்ணீர், இடுப்பளவு இருக்கும், தெளிவாகக் கிடந்தது. நான் அதில் காலை விட்டுக்கொண்டு பாணைப் பிய்த்தேன். வாங்க, குளிர்ச்சியா இருக்கு என்று கூப்பிட்டேன். அவர் வரவில்லை. அந்த வெயிலில், சுடுகிற பாறையில், தூரப் போய்க் குந்தியிருந்து தின்றார். நான் இருந்த கோபத்தில், வராட்டிப் போங்க என்று விட்டுவிட்டேன்.

"இதுவுமா இல்ல?"

"இல்ல."

ஐந்தாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முள், குரங்கு, இது இல்லை.

ஆறாவதுக்கு வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. மற்றதெல்லாவற்றையும்விட உள்நாட்டுப் பக்கம் தள்ளி, மற்றதெல்லாவற்றையும்விட உயரமாக நின்றது. இதற்குப் பிறகு பாறை இல்லை. அப்படியென்றால் இதுதான், வேறு வழியில்லை என்று நினைத்தபோது எனக்குத் தெம்பு வந்துவிட்டது. அரைவாசிக்கு மேல் கயிறு இழுக்காமல் நானே ஏறினேன். உச்சி அகலமாக, ஒரு பள்ளிக்கூட மைதானம் போல நீண்டு கிடந்தது. மேற்கே வெகுதூரத்தில் கடல் மின்னியது. நாங்கள் காலையில் இருந்து ஏறிய பாறைகள் எல்லாம் எங்களுக்கும் கடலுக்கும் நடுவே கிடந்தன.

"இதுதானே?" என்றேன். பையில் இருந்து கற்பூரத்தை எடுத்துவிட்டேன்.

"இது இல்ல."

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. தேங்காயைத் தூக்கி எறியப் போனேன், பிறகு நாளைச் சம்பலுக்கு ஆகும் என்று வைத்துக்கொண்டேன். "இதுதான் மூக்கன்" என்று கத்தினேன். "நான் சொல்றன், இதுதான். மலைக்குக் கண்ணா இருக்கு? அதுக்குத் தெரியுமா நீங்க எதில ஏறினீங்க எண்டு? ஏத்துங்க கற்பூரத்தை. ஏத்திப்போட்டு வாங்க. திங்கக்கிழமை வள்ளம்."

"காத்து அடிக்குது. அணைஞ்சிரும்" என்றார்.

காற்று மறைவாக இடம் தேடி நான் உச்சியின் இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கத்துக்கு விறுவிறு என்று நடந்தேன். கண் கடல் பக்கமே இருந்தது, ஆத்திரத்தில் அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அப்போதுதான் கண்டேன். கிட்டத்தில் அந்த நீண்ட பாறை, நான் விழப் பார்த்தது, படுத்துக் கிடந்தது. அதற்கு அப்பால், தூரத்தில், முதலாவது பாறையின் கூர் உச்சி அதன் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. நான் நடக்க நடக்க அந்தக் கூர் நகர்ந்தது. நகர்ந்து நகர்ந்து நீண்ட பாறையின் மேட்டுக்குப் பின்னால் போய் மறைந்தது. நின்றேன். பின்னால் நாலு எட்டு வைத்தேன். மெல்ல வெளியே வந்தது. முன்னால் போனேன், உள்ளே போனது. பின்னால் வந்தேன், மூக்கை நீட்டியது.

மூக்கன் மூக்கை உள்ளே இழுத்தா அங்க வலையைப் போடு.

இவ்வளவு காலம் கேட்ட கதை. கல் மலை எப்படி மூக்கை உள்ளே இழுக்கும் என்று ஒரு நாளாவது நான் கேட்டேனா? வள்ளம் நகர நகர ஒரு பாறையின் கூர் மற்றதன் மேட்டோடு சேர்ந்து மறைகிறது, பிறகு விலகி வெளியே நீட்டுகிறது. அதை வைத்துத்தான் அவர்கள் இடம் பிடிக்கிறார்கள். ஒரு மலை இல்லை. இரண்டு மலை. கடலில் நின்றால்தான் அது மூக்கன். தரையில் ஒரு நாளும் ஏறி நிற்க முடியாத மலைக்கு இந்த மனுசன் நேர்த்தி வைத்திருக்கிறார்.

திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அது ரெண்டு மலை" என்றேன்.

"ஓம்."

"உங்களுக்குத் தெரியும்."

"கடலுக்குப் போற ஆக்களுக்குத் தெரியும்."

"ரெண்டிலயும் இண்டைக்கு ஏறினோம். ரெண்டிலயும் இது இல்ல எண்டு சொன்னீங்க."

"இது இல்லத்தானே" என்றார். பொய்கூடச் சொல்லவில்லை பாருங்கள்! அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது. சட்டையைப் பிடித்து உலுக்கினேன். கயிறு இரண்டு பேர் இடுப்பிலும் இன்னும் இருந்தது. ஏன் என்று கேட்டேன். ஏன் என்னைப் பைத்தியக்காரி ஆக்கினீர்கள், ஏன் இந்தக் கூத்து, ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் என் கையை எடுத்துவிடவில்லை.

"கற்பூரம் ஏத்தினா திங்கக்கிழமை போகணும்" என்றார்.

நான் கையை விட்டேன்.

"நீ இண்டைக்கு எத்தின தரம் பயமா இருக்கு, பயமா இருக்கு எண்டு கத்தினாய்" என்றார். "ஹாமுதுருவோக்குக் கேக்கக் கத்தினாய். ஒருத்தரும் உன்னை ஒண்டும் சொல்லல. நான் எங்க போய்க் கத்திறது?"

கரைவலையில் மணல் பக்கத்து நுனி. வயிற்றுவலி. சுனைக்குக் கிட்டே வராமல் சுடுபாறையில் குந்தியது. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் முன்னால் நின்றன. இரக்கம் வந்ததா என்று கேட்டால், வந்தது. ஆனால் கோபம் போகவில்லை. இரண்டும் சேர்ந்தே இருந்தன, எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் நான் அந்த மனுசனை முறைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து என் ஃபோன் அடித்தது. உச்சியில் சிக்னல் நன்றாக வந்தது. அண்ணன்.

"தங்கச்சி, என்ன மாதிரி? மூக்கன் கிடைச்சானா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மலை இல்லை, மண்ணாங்கட்டி இல்லை, உங்கட தம்பிக்குக் கடலைக் கண்டால் பயம், அவ்வளவுதான், வேற ஆளைப் போடுங்க என்று. இவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, இடுப்புக் கயிற்றை அவிழ்க்காமல், அதன் தளர்ந்த நடுப்பகுதியை எடுத்து வளையம் வளையமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். காது மட்டும் என் பக்கம் இருந்தது.

"இல்ல அத்தான்" என்றேன். "கிடைக்கல."



"சரி. கிடைக்காட்டி விடு. ஆறுதலாத் தேடட்டும். திங்கக்கிழமை நான் வேற ஆளைப் போடுறன். அவனிட்ட நானே சொல்லுறன், நீ சொல்லாத. இருட்டமுன் பாத்து இறங்குங்க."

வைக்கப் போனார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இவருக்கும் முந்திக் கடலுக்குப் போன மனுசன் அவர்.

"அத்தான், வைக்காதீங்க. மூக்கன் ரெண்டு மலை எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"அது எல்லாருக்கும் தெரியும்தானே தங்கச்சி."

"அப்ப அவர் நேர்த்தி எண்டு சொன்ன அண்டைக்கே ஏன் சொல்லல?"

"சொல்லி?" என்றார் அண்ணன். அவ்வளவுதான் கேட்டார்.

நான் ஃபோனைக் கையில் பிடித்தபடி நின்றேன். அண்ணனுக்குத் தெரியும். அலைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்ற கூட்டாளிக்குத் தெரியும். தேத்தண்ணிக் கடையில், "என்னடா, மூக்கனுக்கு எப்பப் போறாய்?" என்று ஒவ்வொரு நாளும் கேட்ட அத்தனை பேருக்கும் தெரியும். கேட்டவர்கள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லையே என்று அப்போதுதான் நினைத்தேன். ஊரில் கடலுக்குப் போகிற ஆம்பிளை எல்லாரும் சேர்ந்து இல்லாத மலை ஒன்றை இவருக்குக் கொடுத்து, மெல்லத் தேடு என்று விட்டிருக்கிறார்கள். எனக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. நான் வீட்டில் நின்று சோம்பேறி, சோம்பேறி என்று ஊர் கேட்கக் கத்திக்கொண்டிருந்தேன், அதையும் கேட்டுக்கொண்டுதானே போனார்கள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என் காதில் போட்டிருந்தால் என்ன? கடலில் கால் வைக்காதவளுக்குக் கடல் கதை எதற்கு என்று நினைத்தார்களாக்கும்! இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இறங்கும்போது அவர் முன்னால் போனார், நான் பின்னால். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. செங்குத்தான இடத்தில் நின்று கையை நீட்டினார். "பயமா இருக்கு" என்றேன், பழக்கத்தில்.

"எனக்கும்" என்றார் அவர். பாறையைச் சொல்லவில்லை.

திங்கக்கிழமை அண்ணனின் வள்ளம் இவர் இல்லாமல் போனது. முந்தலில் இருந்து ஒரு பொடியன் வந்து ஏறினான், நல்ல வேலைக்காரன், இன்னும் அதில்தான் போகிறான். இவர் இப்போது என்னோடு கருவாடு போடுகிறார். உப்பை அள்ளிக் கொட்டுவார், வெயில் ஏறமுன் திருப்ப மறப்பார், நான் திட்டுவேன், இப்போது அவரும் திருப்பித் திட்டுவார். யாராவது வீட்டுப் பக்கம் வந்தால், "மூக்கனுக்கு எப்ப?" என்று கேட்பார்கள். "பாப்பம்" என்பார் இவர். கேட்டவர் தலையை ஆட்டுவார். நான் உள்ளே சட்டியை டமார் என்று வைப்பேன்.

ஆறு பாறை ஏறி இறங்கிய அந்தக் கற்பூரத்தை அலுமாரியில் சேலைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். போன வாரம் எதற்கோ எடுத்துத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை, கரைந்து காற்றோடு போய்விட்டது. பெட்டி மட்டும் கிடந்தது. அவர் பின்னால் வந்து நின்று பார்த்தார், முகம் செத்துப்போனது. கற்பூரமும் இல்லை என்றால் பிறகு என்னத்தைச் சொல்லிக்கொண்டு இருப்பார், பாவி மனுசன்.

பின்னேரம் நான் கடைக்குப் போனேன். போகும்போதும் திட்டிக்கொண்டுதான் போனேன், வரும்போதும் திட்டிக்கொண்டுதான் வந்தேன். புதுப் பெட்டி ஒன்று வாங்கி அதே இடத்தில் வைத்திருக்கிறேன்.